அஸ்தம்பட்டி கோர்ட் பக்கம் கோவில் முறை வழக்கு பார்க்கும் வக்கீல் ஆபீஸ்: மூன்று வருட அனுபவம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்த ஆபீஸின் பெயரையும் வக்கீலம்மாவின் பெயரையும் இதில் போடவில்லை. வக்கீல்கள் விளம்பரம் செய்யக் கூடாது என்று பார் கவுன்சில் விதி இருக்கிறது. நான் எழுதப் போகிறேன் என்றதும் அவரே "பேரு வேண்டாம் தம்பி, விஷயத்தை எழுதுங்க, பூசாரி முறைன்னு சொல்லிக்கிட்டு வர்ற நாலு பேருக்கு உதவும்" என்றார். சேலத்துக்காரர்கள், அதுவும் கோவில் முறையில் பங்காளித் தகராறு உள்ளவர்கள், அஸ்தம்பட்டி கோர்ட் வாசல் டீக்கடையில் விசாரித்தாலே ஆபீஸைக் காட்டிவிடுவார்கள். மாடியில் இருக்கிறது, லிஃப்ட் கிடையாது.

எங்கள் ஊர் ஏற்காடு அடிவாரத்துப் பக்கம். ஊர் மாரியம்மன் கோவில் பூஜை அம்மா பிறந்த வீட்டு வழியில் வருவது. நாலு பங்காளி வீடு, வருஷத்துக்கு ஒரு வீடு முறை. ஆடிப் பண்டிகை முடிந்து மறுபூஜை அன்று சாவி ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குக் கைமாறும். தட்டுக்காசு முறைக்காரருக்கு, உண்டியல் கோவிலுக்கு. விளக்கு எண்ணெய், பூ, வெள்ளிக்கிழமைப் பொங்கல் எல்லாம் முறைக்காரர் செலவு. கணக்குப் பார்த்தால் வருஷ முடிவில் கையில் பெரிதாக ஒன்றும் நிற்காது, வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இது புரியாது, காசுக்காகச் சண்டை போடுகிறார்கள் என்றுதான் நினைப்பார்கள்.

என் தாத்தாவுக்கு அம்மா ஒரே பெண். தாத்தா 2016-ல் இறந்தார். 2018 ஆடியில் எங்கள் வீட்டு முறை வந்தபோது மற்ற மூன்று வீட்டாரும் சாவியைத் தரவில்லை. "கட்டிக்கொடுத்த பொண்ணு வேற குலத்துக்குப் போயாச்சு, முறை பொட்டப்பிள்ளை வழியில போகாது" என்று பெரிய மாமா கோவில் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு சொன்னார். எனக்கு அவர் மாமா, அம்மாவுக்குச் சித்தப்பா மகன், சின்ன வயசில் அம்மாவைத் தோளில் தூக்கிக்கொண்டு தேர் காட்டினவர். அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்து பூஜைக்கு வாங்கி வைத்திருந்த எண்ணெய் டின்னை அப்படியே பரண் மேல் ஏற்றிவிட்டார்.

அப்போது அவசரத்தில் வேறு ஒரு வக்கீலைப் பிடித்தோம். அவர் யார் என்பது இங்கே தேவையில்லை. முன்சீப் கோர்ட்டில் வழக்குப் போட்டார், நாங்கள் கேட்டதையும் கேட்காததையும் சேர்த்து ஒரே பிராதில் எழுதிவிட்டார்: நாங்கள்தான் பரம்பரைப் பூசாரி என்று அறிவிக்க வேண்டும், பண்டிகையில் முதல் மரியாதையும் பரிவட்டமும் எங்களுக்கே கட்ட வேண்டும், பூசாரி மானிய நிலம், அதாவது பூஜை ஊழியத்துக்காக விட்ட நிலம், எங்கள் அனுபவத்தில் விட வேண்டும், முறையும் தர வேண்டும். நாலு வருஷம் வாய்தா. எதிர்த்தரப்பு, அறநிலையத்துறைச் சட்டத்தின் 108ஆம் பிரிவுப்படி இந்த வழக்கை சிவில் கோர்ட் விசாரிக்கவே முடியாது, பிராதைத் தள்ளுபடி செய்யுங்கள் என்று மனுப் போட்டது. அதற்குப் பதில் எழுதவே எங்கள் வக்கீல் எட்டு மாதம் எடுத்துக்கொண்டார். நடுவில் 2022 ஆடி வந்தது, இரண்டாவது முறையும் எங்கள் கையை விட்டுப் போயிற்று. அந்த வருஷம் புரட்டாசியில்தான் இந்த ஆபீஸ் படியேறினோம்.

முதல் சந்திப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், நான் இவ்வளவு எழுதுவதற்குக் காரணமே அதுதான். ஃபீஸ் 1,500 ரூபாய். ஒரு மணி நேரத்துக்கும் மேலே உட்கார்ந்தார். பழைய கேஸ் கட்டை உடனே திறக்கவில்லை. அம்மாவைப் பார்த்து, "உங்களுக்கு என்ன வேணும்னு நீங்க சொல்லுங்கம்மா, பிராதுல என்ன இருக்குன்னு நான் அப்புறம் படிச்சுக்கறேன்" என்றார். நாலு வருஷத்தில் அம்மாவிடம் யாரும் இதைக் கேட்கவில்லை, நான் உட்பட. அம்மா கொஞ்ச நேரம் புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டு இருந்துவிட்டு, "எங்கப்பா முறையில அந்த விளக்கை நான் ஏத்தணுங்க, பரிவட்டமெல்லாம் எனக்கு எதுக்குங்க" என்றார். வக்கீலம்மா அதை அப்படியே ஒரு தாளில் எழுதிக் கட்டின் முதல் பக்கமாக வைத்து நூல் கோர்த்தார். இன்றைக்கும் அந்தத் தாள் கட்டில் இருக்கிறது.

அப்புறம்தான் சட்டத்தைச் சொன்னார், கேட்கக் கஷ்டமாகத்தான் இருந்தது. பூசாரி மகன் பூசாரி என்பது சட்டத்தில் 1971-லேயே போய்விட்டது. 1959ஆம் வருஷத்து அறநிலையத்துறைச் சட்டத்தின் 55ஆம் பிரிவில், வேலை பரம்பரை வேலையாக இருந்தால் அடுத்த வாரிசையே நியமிக்க வேண்டும் என்று முன்பு இருந்தது, 1971ஆம் வருஷத்து இரண்டாம் எண் திருத்தச் சட்டம் அதை எடுத்துவிட்டது. இதை எதிர்த்து பல கோவில்களின் அர்ச்சகர்களும் மடாதிபதிகளும் உச்ச நீதிமன்றம் போனார்கள், சேஷம்மாள் வழக்கு என்று சொல்வார்கள், ஐந்து நீதிபதிகள் உட்கார்ந்து 1972 மார்ச்சில் தீர்ப்புச் சொன்னார்கள். அர்ச்சகரை நியமிப்பது நிர்வாகக் காரியம், அதில் வாரிசு முறையை எடுத்தது செல்லும், ஆனால் நியமிக்கப்படுகிறவர் அந்தக் கோவில் ஆகமம் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம். "அதனால கோவிலையோ துறையையோ எதிர்த்து, 'எங்க தாத்தா பூசாரி, அதனால நான் பூசாரி'ன்னு கேட்டா அம்பது வருஷத்துக்கு முன்னாடியே மூடின கதவைத் தட்டறீங்க" என்று நேராகவே சொன்னார்.

எனக்குக் கோபம் வந்தது, மறைக்கவில்லை. அப்படியென்றால் முதல் வக்கீல் ஏன் இதைச் சொல்லவில்லை என்று கேட்டேன். அதற்கு அவர் பதில் சொல்லவில்லை, இன்னொரு வக்கீலைப் பற்றி ஒரு குறை வார்த்தை அவர் வாயிலிருந்து இந்த மூன்று வருஷத்தில் வந்ததில்லை. ஒரு தாளை எடுத்து நாங்கள் கேட்டதை எல்லாம் தனித்தனியாகப் பிரித்து எழுதினார்.

பரிவட்டம், முதல் மரியாதை, வழக்கப்படி வர வேண்டிய பங்கு, இந்தக் கோவிலின் வழக்கம் என்ன என்பது போன்ற கேள்விகள் எல்லாம் அதே அறநிலையத்துறைச் சட்டத்தின் 63ஆம் பிரிவில் துறையின் இணை ஆணையரோ துணை ஆணையரோ தீர்மானிக்க வேண்டியவை. அவர் உத்தரவு பிடிக்கவில்லை என்றால் 60 நாளில் ஆணையரிடம் மேல்முறையீடு, அதிலும் திருப்தி இல்லை என்றால் 90 நாளுக்குள் கோர்ட்டில் வழக்கு. இதற்கு நேரே முன்சீப் கோர்ட்டுக்குப் போனால் 108ஐக் காட்டித் தடுப்பார்கள், எங்களுக்கு நடந்ததும் அதேதான். பரம்பரை அறங்காவலர் என்பது இன்னும் வேறு விஷயம், அது நிர்வாகப் பதவி, அது இன்றைக்கும் சட்டத்தில் இருக்கிறது, பூசாரி முறையோடு போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. எங்கள் பிராதில் அந்தக் குழப்பமும் இருந்தது.

ஆனால் ஒரு முறையை நாலு பங்காளிகள் தங்களுக்குள் எப்படிச் சுற்றிக்கொள்வது, அதில் ஒரு வீட்டை மட்டும் மற்ற மூன்று வீடும் சேர்ந்து ஒதுக்கலாமா என்பது அவர்களுக்குள் உள்ள உரிமைத் தகராறு. சிவில் நடைமுறைச் சட்டத்தின் ஒன்பதாவது பிரிவு விளக்கத்திலேயே, ஒரு பதவிக்கான உரிமை சடங்கு சம்பிரதாயத்தைப் பொறுத்தது என்றாலும் அது சிவில் வழக்குத்தான் என்று இருக்கிறதாம். 1976-ல் சேர்த்த இன்னொரு விளக்கம், அந்தப் பதவிக்குச் சம்பளமோ வரும்படியோ இருக்கிறதா இல்லையா என்பது முக்கியமில்லை என்கிறது. "இந்த ஒண்ணை மட்டும் பிடிச்சுக்கிட்டா கோர்ட்ல நிக்கலாம், மத்ததெல்லாம் சுமை" என்றார். அம்மா உடனே தலையாட்டினார். மானிய நிலத்தை விட எனக்கு மனசு வரவில்லை, அதைப் பற்றிப் பிறகு.

பெண் வழியில் முறை போகாது என்ற பேச்சுக்கு அவர் எடுத்துக் காட்டியது எனக்கு இன்றும் ஆச்சரியம். சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 1918-லேயே, பெண்ணுக்கும் பரம்பரை அர்ச்சகர் பதவி வாரிசாக வரலாம், பூஜையை வேறு ஆள் வைத்துச் செய்துகொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறது. 1955-ல் உச்ச நீதிமன்றமும் பீகார்ப் பக்கத்து வழக்கு ஒன்றில் அதே வழியில் போயிருக்கிறது. பெண்ணே நேராகப் பூஜை செய்வது பற்றி, 2008-ல் உசிலம்பட்டிப் பக்கம் ஒரு துர்க்கை அம்மன் கோவிலில் அப்பாவுக்குப் பிறகு பூஜை செய்த மகளை ஊரார் தடுத்தபோது நீதிபதி சந்துரு அந்தப் பெண் பக்கம் தீர்ப்புச் சொன்னார். 1918, 1955 தீர்ப்புகள் எல்லாம் வாரிசு முறை இருந்த காலத்தவை, அதை வைத்துக் கோவிலிடம் வேலை கேட்க முடியாது, பங்காளிகள் 'பொண்ணுக்கு இல்லை' என்று சொல்லும் வாயை அடைக்கத்தான் அது உதவும் என்று எல்லையையும் சேர்த்தே சொன்னார். இந்த மாதிரி, தன் கையில் இருக்கும் ஆயுதம் எவ்வளவு தூரம் வெட்டும் என்பதையும் கட்சிக்காரனிடம் சொல்கிற வக்கீலை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

கையில் என்ன ஆவணம் இருக்கிறது என்று கேட்டார். தாத்தாவின் நோட்டைக் கொடுத்தோம். நீல அட்டை போட்ட நீளக் கணக்கு நோட்டு, முதுகில் துணி ஒட்டியிருக்கும், 1970-லிருந்து தாத்தா தன் முறை வந்த வருஷமெல்லாம் எழுதியது. இத்தனை படி எண்ணெய், பூக்காரிக்கு இவ்வளவு, கம்பம் நட்ட அன்று மழை, இன்னார் வீட்டுக் கிடா, மறுபூஜை அன்று சாவியை இன்னாரிடம் கொடுத்தேன் என்று பென்சிலில் இருக்கும், சாவி வாங்கினவர் கையெழுத்தோ கைநாட்டோ பக்கத்திலேயே இருக்கும். கைநாட்டு எல்லாம் குங்குமத்தில் வைத்தது, பழுப்பேறிப் போய் ரேகை மட்டும் தெரியும். முதல் வக்கீல் இதை ஜெராக்ஸ் எடுத்துக் கடைசிப் பக்கத்தில் சொருகியிருந்தார். இவர் ஒரிஜினலை மேஜை விளக்குக்குக் கீழே வைத்து ஒவ்வொரு பக்கமாகத் திருப்பி, 1987 பக்கத்தில் நின்றார். அந்த வருஷம் தாத்தாவுக்குக் கால் முறிந்திருந்தது. "மகள் விளக்கு வைத்தாள், ஆறு வாரம்" என்று ஒரு வரி, சாவி வாங்கிய இடத்தில் பெரிய மாமாவின் அப்பா கையெழுத்து. அந்த வரியை நாங்கள் யாருமே கவனித்ததில்லை. அம்மாவுக்கே மறந்துபோயிருந்தது.

வழக்கின் நடைமுறைப் பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பழைய வழக்கைத் திரும்பப் பெற்று அதே விஷயத்துக்கு மறுபடி போட கோர்ட் அனுமதி வாங்கினார், அதற்கு அஞ்சு மாதம். பிறகு முறை ஒன்றை மட்டும் கேட்டுப் புதுப் பிராது, மொத்தமே பதினொரு பக்கம், பழையது நாற்பத்தியிரண்டு. இதில் ஒரு தவறும் நடந்தது, சொல்லாமல் விட்டால் நியாயம் இல்லை. வம்சாவளிப் பட்டியலில் பாட்டியின் பெயரைத் தவறாக டைப் அடித்துவிட்டார்கள், எதிர்த்தரப்பு அதைப் பிடித்துக்கொண்டது, திருத்த மனு போட்டுச் சரிசெய்ய இரண்டு மாதம் வீணானது. ஆபீஸ் தவறு என்று ஒத்துக்கொண்டு அந்த மனுவுக்குக் காசு வாங்கவில்லை, ஆனாலும் அந்த இரண்டு மாதம் அம்மா தூங்கவில்லை. பிராதில் கையெழுத்துப் போடும் முன் பெயர்களை நீங்களே ஒருமுறை உரக்கப் படியுங்கள், யாரையும் நம்பி விடாதீர்கள்.

காத்திருப்பும் அதிகம். காலையில் பத்து மணிக்குள் போனால் கோர்ட்டுக்குக் கிளம்பும் அவசரம், சாயங்காலம் அஞ்சரைக்கு மேல்தான் நிதானமாகப் பேச முடியும். போனை அவர் எடுப்பதே இல்லை, குமாஸ்தாதான் எடுப்பார், அவரும் வாய்தா தேதியைச் சொல்லிவிட்டு வைத்துவிடுவார். நான் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை செய்கிறேன், பற்று வைத்து ஒட்டுகிற வேலை, பாதியில் எழுந்து வர முடியாது, அதனால் சாயங்காலம்தான் எனக்கும் வசதி. அம்மாவுக்கு முட்டி வலி, அந்தப் படி பெரிய தொந்தரவு. இரண்டு தடவை வக்கீலம்மாவே கீழே இறங்கி வந்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பேசினார்.

காத்திருந்த நேரத்தில் நிறையக் கேட்கக் கிடைத்தது. ஏற்காட்டுக்கு மேலே ஒரு கிராமத்திலிருந்து ஒரு பெரியவர் வந்திருந்தார், இருபது கொண்டை ஊசி வளைவும் பஸ்ஸில் இறங்கி வந்திருக்கிறார், அவர்கள் ஊர்ச் சாமிக்கு யார் முதலில் தேங்காய் உடைப்பது என்று அண்ணன் தம்பிக்குள் சண்டை. அவர் பேச்சைக் கேட்டுவிட்டு, "இதுக்குக் கோர்ட் வேண்டாங்கய்யா, உங்க ஊர்ப் பெரியவங்களை வெச்சே பேசுங்க, முடியலைன்னா மட்டும் வாங்க" என்று ஃபீஸ் வாங்காமல் அனுப்பினார். எந்தக் கேஸை எடுக்கக் கூடாது என்று தெரிந்தவர்.

2023 ஜூனில் எங்களையெல்லாம் உட்கார வைத்து ஒரு தீர்ப்பைப் படித்துக் காட்டினார். அது நம்ம சேலம் சுகவனேஸ்வரர் கோவில் விஷயம். 2018-ல் அங்கே அர்ச்சகர், ஸ்தானிகர் வேலைக்கு ஆள் எடுக்கக் கோவில் நிர்வாகம் கொடுத்த அறிவிப்பை எதிர்த்து ஒரு குருக்கள் போட்ட வழக்கில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தீர்ப்புச் சொல்லியிருந்தார். அந்தக் கோவில் ஆகமமும் பூஜை முறையும் கற்றுத் தேர்ந்தவராக இருந்தால் போதும், சாதியையோ வம்சத்தையோ வைத்து நியமிக்க இடமில்லை என்பது அதன் சாரம். சின்ன வயசிலிருந்து அந்தக் கோவிலைச் சுற்றி வந்தவன் நான், நம்ம ஊர்க் கோவிலிலேயே இப்படி ஒரு கேள்வி வந்து தீர்ந்திருக்கிறது என்பது அப்போதுதான் தெரியும். வக்கீலம்மா இதை எதற்குப் படித்தார் என்றால், நாங்கள் ஜெயித்தாலும் என்ன கிடைக்கும் என்பதில் எங்களுக்கு ஒரு மயக்கமும் இருக்கக் கூடாது என்பதற்காக. பங்காளிகளுக்குள் நீங்கள் போடும் ஏற்பாடு உங்கள் நாலு வீட்டைத்தான் கட்டுப்படுத்தும், நாளைக்கே அறங்காவலர்களோ துறையோ சட்டப்படி ஒரு பூசாரியை நியமித்தால் இதைக் காட்டித் தடுக்க முடியாது என்றார். கேட்டுவிட்டு நான் மனசு உடைந்துதான் போனேன். அம்மா, "அது வரைக்கும் ஏத்துறேன்" என்றார்.

மானிய நிலம். ஒன்றே முக்கால் ஏக்கர், ஏரிக்குக் கீழே. சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்திலிருந்து இனாம் பதிவேட்டு நகல் வாங்கிவரச் சொன்னார், 1860களில் வெள்ளைக்காரன் ஒவ்வொரு இனாமும் எதற்காக விடப்பட்டது, யார் அனுபவம் என்று விசாரித்து எழுதிய பதிவேடு. நானே போய் மனுக் கொடுத்து, இரண்டாவது நடையில் நகல் வாங்கினேன். அதில் அம்மன் பூஜை ஊழியத்துக்கு என்று இருந்தது, எங்கள் வம்சத்துக்குச் சொந்தம் என்று இல்லை. ஊழியம் செய்கிற வரைக்கும்தான் அனுபவம். 1963ஆம் வருஷத்து மைனர் இனாம் ஒழிப்புச் சட்டத்திலும் ஊழிய இனாமுக்கு ஊழியத்தோடு சேர்த்துத்தான் ஏற்பாடு என்று விளக்கினார். ஊழியம் செய்யாதவன் நிலத்தைக் கேட்க முடியாது, நிலத்தை விற்கவும் முடியாது. நான் அந்த நகலை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அன்றைக்கு அஸ்தம்பட்டியிலிருந்து செவ்வாய்ப்பேட்டை வரை நடந்தே வந்தேன். நிலம் என்று பேசினதெல்லாம் நான்தான், அம்மா ஒரு நாளும் பேசவில்லை.

2024 கடைசியில் கோர்ட்டே எங்களைச் சமரச மையத்துக்கு அனுப்பியது. வழக்கு சமரசத்தில் முடிந்தால் கட்டிய கோர்ட் ஃபீ திரும்பக் கிடைக்கும் என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். நாலு அமர்வு நடந்தது. முதல் அமர்வில் மாமாக்கள் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. மூன்றாவது அமர்வில் வக்கீலம்மா ஒன்றும் வாதாடவில்லை, தாத்தா நோட்டின் 1987 பக்கத்தைத் திறந்து பெரிய மாமா முன்னால் வைத்தார், அவ்வளவுதான். மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு அந்தக் கையெழுத்தை விரலால் தடவினார். அது அவருடைய அப்பா கையெழுத்து. ரொம்ப நேரம் கழித்து என்னைப் பார்த்து, "மாப்ள, காப்பி சாப்பிட்டியா" என்றார். ஏழு வருஷத்தில் அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

சமரச ஒப்பந்தம் மூன்று பக்கம். வாசகம் ஒவ்வொன்றையும் வக்கீலம்மா இரண்டு தரப்புக்கும் தமிழிலேயே படித்துக் காட்டி, சந்தேகம் கேட்டவர்களுக்கு விளக்கி, பிறகுதான் கையெழுத்து வாங்கினார். எங்கள் வீட்டு முறை எங்களுக்கு. விட்டுப்போன இரண்டு முறைக்கு ஈடாக 2026 வரை காத்திராமல் 2025 ஆடியிலேயே சாவி. அம்மாவே பூஜை செய்யலாம். அம்மாவுக்குப் பிறகு பிள்ளைகளில் யார் செய்ய வந்தாலும், மற்ற முறைக்காரரோடு ஆறு மாதம் கூட நின்று கற்றுக்கொண்ட பிறகுதான் சாவி தரப்படும், இது நாலு வீட்டுக்கும் பொது. இந்தக் கடைசி வரியை எழுதச் சொன்னது அம்மா. பிறந்துவிட்டதாலேயே யாருக்கும் சாவி வரக் கூடாது என்று அவரே சொன்னபோது பெரிய மாமாதான் முதலில் சரி என்றார். பரிவட்டம் பற்றி ஒப்பந்தத்தில் ஒரு வார்த்தையும் இல்லை, அது இப்போதும் ஊர்க்கவுண்டருக்குத்தான் கட்டுகிறார்கள்.

செலவு கேட்பவர்களுக்கு: மூன்று வருஷத்தில் வக்கீல் ஃபீஸ் அறுபத்தைந்தாயிரம், தவணையாக. எவ்வளவு ஆகும் என்று முதல் நாளே எழுதிக் கொடுத்துவிட்டார், அதற்கு மேல் ஒரு ரூபாய் கேட்கவில்லை. குமாஸ்தா செலவு, நகல், பஸ் சார்ஜ் தனி. குமாஸ்தா மட்டும் ஒவ்வொரு தடவையும் 'செலவு இருக்குங்க' என்று இருநூறு முந்நூறு கேட்பார், எதற்கு என்று சீட்டுக் கேட்டால் தருவார், கேட்காவிட்டால் தர மாட்டார். கேளுங்கள். ஐந்துக்கு நாலு தருகிறேன், ஒன்று குறைத்தது பாட்டி பெயருக்கும் அந்த மாடிப் படிக்கும்.

யார் போகலாம், யார் போக வேண்டாம் என்று என் அபிப்பிராயம்: எதிரியை ஓட வைக்க வேண்டும், ஊர் முன்னால் தலை குனிய வைக்க வேண்டும் என்று நினைத்துப் போனால் இந்த ஆபீஸ் உங்களுக்குச் சரிப்படாது, முதல் நாளே சண்டை வந்துவிடும். உங்களுக்கு உண்மையில் என்ன வேண்டும் என்று வீட்டில் பேசிவிட்டுப் போங்கள். வீட்டில் பழைய நோட்டு, சீட்டு, திருவிழா நோட்டீஸ், போட்டோ எது இருந்தாலும் ஒரிஜினலோடு எடுத்துப் போங்கள். கோவில் துறையின் பட்டியலில் இருக்கிறதா, அறங்காவலர் யார், கடைசியாகப் பூசாரியை யார் எப்படி நியமித்தார்கள் என்று விசாரித்துக்கொண்டு போனால் முதல் மணி நேரம் மிச்சம்.

2025 ஆடியில் சேலம் குகைப் பகுதியில் நடக்கும் வண்டி வேடிக்கையைக்கூடப் பார்க்கப் போகவில்லை, ஊரிலேயே இருந்தோம். மறுபூஜை அன்று பெரிய மாமா சாவியைத் தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்தார். ஒரு சாண் நீளம் இருக்கும் இரும்புச் சாவி, வளையத்தில் சிவப்புத் துணி முடிந்திருக்கும், பிடிக்கிற இடம் மட்டும் தேய்ந்து பளபளவென்று இருக்கும். அம்மா அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, தாத்தா நோட்டில் 2025 என்று போட்டு, இந்தத் தடவை வாங்கிய இடத்தில் தன் கையெழுத்தைப் போட்டார். பரண் மேல் இருந்த அந்த எண்ணெய் டின் கெட்டுப் போயிருந்தது, புதிதாக வாங்கினோம்.

முதல் வெள்ளிக்கிழமை வக்கீலம்மா சொல்லாமல் கொள்ளாமல் கோவிலுக்கு வந்தார். கூட்டத்தோடு வரிசையில் நின்று, தட்டில் பத்து ரூபாய் போட்டு, அம்மா கையால் திருநீறு வாங்கிப் பூசிக்கொண்டு, பொங்கலைத் தொன்னையில் வாங்கி வேப்பமரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனார். அவருக்கு இன்னும் பத்தாயிரம் பாக்கி இருக்கிறது, தை மாதம் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.